அவசர சிகிச்சைப் பிரிவில் ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டால் என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை_மலர் | செவ்வாய், இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவத்துறையில் இருக்கிற சிலர் இங்கே எழுதுவதால் இதைக் கேட்கிறேன்.

போன மாதம் மாமியாருக்கு இரவில் திடீரென்று மூச்சு முட்டியது. கொழும்பில் ஒரு அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஓட்சிசன் வைத்து, ஊசி போட்டு, ஆள் கொஞ்சம் தெளிந்த பிறகு ஒரு இளம் டொக்டர் கையில் தாள்களோடு வந்தார். பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, மாமியாரின் விவரங்களை எடுக்கலாமா, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது இன்னொரு சின்னக் குழாயிலும் கொஞ்சம் எடுக்கலாமா என்று சிங்களத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது, தமிழ்ப் பிரதி தீர்ந்துவிட்டதாம். மாமியாருக்கு அந்த இரண்டும் வாசிக்கத் தெரியாது. கணவரின் சித்தப்பா "கிழவியை வைத்துப் படிக்கிறதுக்கு வேறு இடம் பாருங்கள்" என்று சத்தம் போட்டார். டொக்டர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. மாமியார் இப்போது சுகமாக இருக்கிறார்.

அது என்ன ஆராய்ச்சி? அவ்வளவு நெருக்கடியான இடத்தில் ஏன் செய்கிறார்கள்? நோயாளி நினைவில்லாமல் கிடந்தால் யாரிடம் கேட்பார்கள்? அடுத்த முறை யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வத்தளை_சிவா | செவ்வாய், இரவு 10.05

சித்தப்பா செய்ததுதான் சரி. வசதியுள்ளவன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், அவனிடம் யாரும் தாளைக் கொண்டுபோய் நீட்டுவதில்லை. அரச வைத்தியசாலைக்கு வருகிற ஏழையிடம்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் நோய் இருப்பது தெரிந்தும், மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்தது அரசாங்கத்தின் சுகாதாரச் சேவை. அங்கேயே அப்படி நடந்திருக்கிறது என்றால் இங்கே நம்பி எப்படிச் சைன் வைப்பது?

கின்சி_வீதி | செவ்வாய், இரவு 11.30

மலர் அக்கா, நான் அவசர மருத்துவத்தில் எம்.டி. பயிற்சியில் இருக்கிறேன். எங்கே வேலை என்று எழுதவில்லை, மன்னிக்கவும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அவதானிப்பு ஆய்வு போல இருக்கிறது. புது மருந்து எதுவும் கொடுக்க மாட்டார்கள். வழக்கமான சிகிச்சை நடக்கும், நடந்ததை எழுதிக்கொள்வார்கள். எங்கள் துறையில் பயிற்சி டொக்டர்கள் செய்வது அநேகமாக இந்த வகைதான். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு எத்தனை நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தோம், மூச்சுத்திணறலோடு வந்தவர்களில் யாருக்கு ஐ.சி.யூ. தேவைப்பட்டது, வந்தவுடனே அதைக் கணிக்க வழி இருக்கிறதா என்பது போன்ற கேள்விகள்.

எழுதி வைப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் கணுக்காலைச் சொல்வேன். ஒரு காலத்தில் கால் பிசகி வந்த அநேகமானவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கனடாவில் ஒட்டாவா நகரத்து டொக்டர்கள் 1992இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணுக்கால் எலும்பின் குறிப்பிட்ட சில இடங்களை அமுக்கினால் வலிக்கிறதா, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்த்தாலே யாருக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று கண்டார்கள். இன்று நாங்கள் கொழும்பிலும் அதைத்தான் பார்க்கிறோம். அந்த ஆய்வில் சேர்ந்த யாருக்கும் ஒரு ஊசிகூடக் கூடுதலாகப் போடவில்லை. ஆனால் அவர்களிடம் பார்த்ததை எழுதி வைத்ததால் இன்று எத்தனையோ பேர் எக்ஸ்ரே வரிசையில் காத்திருக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

சிவா அண்ணா, நீங்கள் சொன்ன அமெரிக்கச் சம்பவம் உண்மை. இன்றைய விதிகள் பிறந்ததே அந்த மாதிரிக் கொடுமைகளில் இருந்துதான். இப்போது இங்கே நோயாளியைத் தொடுகிற எந்த ஆய்வும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடாது. மருந்துப் பரிசோதனை என்றால் 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழும் அனுமதி வேண்டும். 2006 முதல் நம் நாட்டுக்கென்று மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. இணையத்தில் திறந்து நீங்களே பார்க்கலாம், எந்த ஆய்வு, யார் செய்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாம் அதில் இருக்கும்.

மறுத்தால் சிகிச்சை மாறக்கூடாது. அது சலுகை இல்லை, உரிமை. உங்கள் மாமியாருக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

வத்தளை_சிவா | புதன், காலை 7.10

தம்பி, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. எழுதி வைக்கிற ஆய்வு சரி, ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆய்வுமேல்தான். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வெறும் உப்புத்தண்ணி என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது என்ன நியாயம்? டொக்டருக்கு எது நல்லது என்று தெரியாதா?

கின்சி_வீதி | புதன், மதியம் 1.20

அண்ணா, பல நேரம் தெரியாது. எங்கள் வேலையில் கஷ்டமான உண்மையே இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

தலையில் அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கம் குறையட்டும் என்று பல ஆண்டுகளாக ஸ்டீரொய்ட் ஊசி போட்டு வந்தார்கள். வீக்கத்துக்கு ஸ்டீரொய்ட் நல்லது, மூளையில் வீக்கம் வருகிறது, ஆகவே போடலாம். கேட்டால் யாருக்கும் நியாயமாகப் படும். கடைசியில் பல நாடுகள் சேர்ந்து சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். 20,000 பேரைச் சேர்ப்பதாக இருந்த ஆய்வை 10,008 பேரோடு 2004இல் நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டீரொய்ட் போட்டவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். போடாதவர்களில் 17.9 சதவீதம். அதாவது நூறு பேருக்கு மூன்று பேர் அந்த ஊசியால் கூடுதலாகப் போயிருக்கிறார்கள். ஆய்வு நடந்திருக்காவிட்டால் இன்றைக்கு உங்கள் பிள்ளை மோட்டார் சைக்கிளில் விழுந்து வந்தாலும் நாங்கள் நல்லெண்ணத்தோடு அதையே போட்டிருப்போம்.

சிறுவர்கள் விஷயம் இன்னும் நெஞ்சைத் தைக்கும். கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குறைந்து வரும் பிள்ளைக்கு உடனே வேகமாகச் சேலைன் ஏற்ற வேண்டும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருந்தது. கென்யா, உகண்டா, தன்சானியாவில் 3,141 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. வேகமாக ஏற்றிய பிள்ளைகளில் சுமார் பத்தரை சதவீதம் பேர் 48 மணிநேரத்துக்குள் இறந்தார்கள், அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். ஐ.சி.யூ. வசதி இல்லாத அந்த வைத்தியசாலைகளில் கிடைத்த முடிவை அப்படியே கொழும்புக்குப் பொருத்த முடியாது, அது வேறு விவாதம். ஆனால் வெளிநாட்டுப் புத்தகத்தில் இருப்பது எல்லா ஊருக்கும் சரிவரும் என்ற நம்பிக்கையை அது உடைத்தது.

ஆகவே, எது நல்லது என்று தெரிந்துகொண்டே சீட்டுக் குலுக்கினால் அது பாவம்தான், அதற்கு அனுமதியும் கிடைக்காது. உண்மையிலேயே தெரியாதபோதுதான் குலுக்க அனுமதி.

மருதானை_வீல் | புதன், மாலை 4.45

அஸ்ஸலாமு அலைக்கும். நான் த்ரீவீல் ஓட்டுகிறவன், ஆராய்ச்சி ஒன்றும் தெரியாது. ஆனால் நோயாளிகளை நிறைய ஏற்றியிருக்கிறேன். 1990 என்ற இலக்கத்துக்குக் கூப்பிட்டால் வருகிற அம்பியுலன்ஸ் 2016இல் வந்த பிறகு கொஞ்சம் குறைந்தது, காசும் இல்லை என்பதால் நான் ஏறுகிறவர்களிடமே அந்த நம்பரைச் சொல்வேன். இருந்தாலும் நெஞ்சுவலி என்றால் இன்னும் த்ரீவீலைத்தான் பிடிக்கிறார்கள். வாய்வு என்று இஞ்சி குடித்துப் பார்த்து, தைலம் தடவிப் பார்த்து, வியர்த்துக் கொட்டத் தொடங்கிய பிறகுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் எவ்வளவு நேரம் போனது என்று யாராவது எழுதுகிறார்களா டொக்டர்?

கின்சி_வீதி | புதன், மாலை 6.02

வஅலைக்கும் ஸலாம் நானா. நல்ல கேள்வி. கேட்கிறோம், ஆனால் சரியான பதில் கிடைப்பதில்லை. "இப்பதான் டொக்டர், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்" என்பார்கள். நாங்கள் வாசலுக்கு உள்ளே நடப்பதை மட்டும் நிமிடக் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறோம். இருதயத் தசை சாகத் தொடங்குவது வாசலுக்கு வெளியே. அந்த நேரத்தை யார் அளந்தாலும் அது பெரிய வேலை.

தாதி_ராணி | புதன், இரவு 8.30

வாசலுக்கு உள்ளே அளப்பதே லேசு இல்லை டொக்டர். நான் ஒரு அவசரப் பிரிவில் கனகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரு ஆய்வு எப்படி நடக்கும் என்று மலர் போன்றவர்களுக்குத் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகளாவிய விதி. எங்கள் பிரிவில் அது நடக்கிறதா என்று பார்க்க ஒரு ரெஜிஸ்ட்ரார், அதாவது மேற்பயிற்சியில் இருக்கிற டொக்டர், ஆய்வு தொடங்கினார். நோயாளி வந்த நேரம் டிக்கெட்டில், அதாவது அவரின் பதிவுத் தாளில், இருக்கும், ஈ.சி.ஜி. எடுத்த நேரத்தை இயந்திரமே தாளில் அடித்துவிடும். கழித்தால் விடை. கொஞ்ச நாள் சேர்த்துப் பார்த்தபோது சிலருக்கு அவர்கள் வாசலுக்குள் வருவதற்கு முன்பே ஈ.சி.ஜி. எடுத்ததாகக் கணக்கு வந்தது.

என்ன என்று போய்ப் பார்த்தால், பதிவு மேசைக்கு மேலே தொங்கிய கடிகாரம் ஒரு நேரம் காட்டுகிறது, ஈ.சி.ஜி. இயந்திரம் அதற்குக் கால் மணிநேரம் பின்னால் இருக்கிறது. பற்றரி மாற்றியபோது யாரோ நேரத்தைச் சரியாக வைக்கவில்லை. அதோடு, கூட்டமான நேரத்தில் பதிவு மேசையில் உள்ளவர் நோயாளி வந்தவுடன் எழுதுவதில்லை. தள்ளுவண்டியை உள்ளே அனுப்பிவிட்டு, சொந்தக்காரர் அடையாள அட்டையோடு வந்த பிறகுதான் எழுதுவார். அவர் செய்ததிலும் தப்பில்லை, முதலில் ஆளைப் பார்க்க வேண்டும்தானே. ஆனால் தாளில் நோயாளி அப்போதுதான் வந்த மாதிரி ஆகிவிடும். இப்படி எழுதிய நேரங்களை வைத்து மேலே அறிக்கை அனுப்பினால் நாங்கள் மிக வேகமாக வேலை செய்கிறோம் என்று தெரியும், உண்மையில் நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருப்பார்.

அந்த ரெஜிஸ்ட்ரார் ஒரு மாதச் சேகரிப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். பெரிய மிஸ்ஸிடம், அதாவது தலைமைத் தாதியிடம், கதைத்து, காலை ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாக் கடிகாரத்தையும் கைத்தொலைபேசி நேரத்துக்குச் சரிபார்க்க வைத்தார். தள்ளுவண்டி உள்ளே வந்த நேரத்தை முதலில் தொடுகிற தாதி நோயாளியின் கைப்பட்டியிலேயே எழுத வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. ஆய்வு முடிந்து அவர் வேறு இடத்துக்கு மாறிப்போன பிறகும் அந்தக் கைப்பட்டிப் பழக்கம் எங்கள் பிரிவில் இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுத முடியாது, ஆனால் அவரை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை_மலர் | புதன், இரவு 9.15

ராணி அக்கா, இதை வாசித்த பிறகுதான் ஆராய்ச்சி என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் பிடிபடுகிறது. மிக்க நன்றி. நினைவில்லாத நோயாளி பற்றி யாராவது சொல்லுங்கள்.

தேம்ஸ்_கரை | வியாழன், அதிகாலை 2.50

கொழும்பில் படித்து வளர்ந்து இப்போது இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பொது விதி: நோயாளியால் முடியாவிட்டால் அவருக்காகப் பேசக்கூடிய நெருங்கிய உறவினரிடம் கேட்க வேண்டும். உறவினரும் பக்கத்தில் இல்லை, காத்திருந்தால் ஆள் போய்விடுவார் என்றால்? மருத்துவ ஆராய்ச்சிக்கான ஒழுக்கநெறி விதிகளைச் சொல்கிற, உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம், முதலில் 1964இல் வந்தது, இதற்கு ஒரு குறுகிய வாசல் வைத்திருக்கிறது. எந்த நிலையினால் நோயாளியால் சம்மதம் சொல்ல முடியவில்லையோ அந்த நிலையைப் பற்றியே ஆய்வு இருக்க வேண்டும். ஒழுக்கநெறிக் குழு முன்கூட்டியே அதை ஏற்றிருக்க வேண்டும். நோயாளி தெளிந்ததும், அல்லது உறவினர் வந்ததும், கூடிய சீக்கிரம் எல்லாம் சொல்லித் தொடர்வதற்குச் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதயம் நின்றுபோனவருக்கு அட்ரினலின் கொடுப்பது பல பத்தாண்டு வழக்கம். அது உண்மையில் உதவுகிறதா என்று அம்பியுலன்ஸ்காரர்களை வைத்து 8,014 பேரில் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. இதயம் நின்றவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது? ஆகவே ஊருக்கு முன்கூட்டியே அறிவித்தார்கள். சேர விரும்பாதவர் கேட்டால் 'ஆய்வு வேண்டாம்' என்று பொறித்த கைவளையம் ஒன்றை அனுப்பினார்கள், அதை அணிந்திருப்பவரை ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். முடிவு என்னவென்றால், அட்ரினலின் கொடுத்தவர்களில் 3.2 சதவீதம் பேர் 30 நாள் உயிரோடு இருந்தார்கள், கொடுக்காதவர்களில் 2.4 சதவீதம். ஆனால் மூளை நல்ல நிலையில் இருந்து வீட்டுக்குப் போனவர்களின் எண்ணிக்கையில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. பிழைத்தவர்களில் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம்தான் அதிகம். அப்படி ஒரு நிலையில் உயிரோடு இருக்க விருப்பமா என்று குடும்பங்களோடு கதைப்பதற்கு இன்று எங்களிடம் உண்மையான எண்கள் இருக்கின்றன.

கைவளையம் கொழும்புக்குச் சரிவருமா தெரியவில்லை. ஆனால் ஊருக்கு முன்கூட்டியே சொல்வது என்கிற எண்ணம் அங்கேயும் வர வேண்டும். கோவில், பள்ளிவாசல், தேவாலயம், வானொலி எல்லாம் அதற்குத்தானே இருக்கின்றன.

வத்தளை_சிவா | வியாழன், காலை 8.00

எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே வருகிறது. நம் ஆட்களை வைத்து நடந்த ஆய்வினால் நமக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

கின்சி_வீதி | வியாழன், மாலை 5.30

சொல்கிறேன் அண்ணா. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும்.

பாம்புக்கடி. நாங்கள் போடும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரைகளில் தயாரித்து வருவது. அதுவே சிலருக்கு ஒவ்வாமையாகி உயிருக்கு உலை வைத்துவிடும். ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு முறையில் முன்மருந்து கொடுத்தார்கள். களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, இங்கேயே கடிபட்டு வந்த 1,007 பேரில் பார்த்தார்கள். 2011இல் வெளியானது. விஷமுறிவு ஏற்றுவதற்கு முன் குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் முதல் ஒரு மணிநேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைகிறது. நாங்கள் நம்பிக் கொடுத்த மற்ற இரண்டு மருந்துகளாலும் அப்படிப் பயன் தெரியவில்லை. அட்ரினலின் மலிவான மருந்து, கிராமத்து ஆஸ்பத்திரியிலும் இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 80,000 பேர் பாம்புக்கடி படுகிற நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

நஞ்சு உட்கொண்டவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கரித்தூள் கரைசல் கொடுப்பது உதவுமா என்பது அடுத்தது. அனுராதபுரம் உட்பட மூன்று வைத்தியசாலைகளில் 4,632 பேர் சேர்ந்தார்கள், 2008இல் முடிவு வெளிவந்தது. வழக்கமாகக் கொடுப்பதால் இறப்பு குறையவில்லை. உலகத்தின் நஞ்சியல் புத்தகங்கள் இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகின்றன. அதில் சேர்ந்தவர்கள் நம் நாட்டு ஆட்கள்தான்.

வார்டுகளில் யார் எதனால் இறக்கிறார்கள் என்று பொறுமையாகத் திரட்டிய கணக்குகள், மிக ஆபத்தான பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்யக் கைகொடுத்தன. 1995இல் பெரிய தடை வந்தது, பிறகு 1998, 2008 என்று தொடர்ந்தது. தொண்ணூறுகளின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த நம் நாட்டுத் தற்கொலை வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. பயிர் விளைச்சல் குறையவில்லை. இதற்காகச் சைன் வைத்தவர்களும், எழுதி வைத்த டொக்டர்களும் எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி முடியாது.

வத்தளை_சிவா | வியாழன், இரவு 7.45

தம்பி, பாம்புக்கடி விஷயம் எனக்குத் தெரியாது. இனி நான்கு பேருக்குச் சொல்வேன். ஆனால் மலருக்கு நடந்ததில் ஒன்று இன்னும் என்னை அறுக்கிறது. தமிழ்த் தாள் தீர்ந்துவிட்டது என்றால் சிங்களத் தாளும் தீர்ந்திருந்தால் அன்றைக்கு ஆய்வை நடத்தியிருப்பார்களா?

அலுவல்_மேசை | வியாழன், இரவு 10.20

சிவா அண்ணா கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளாக வெறுமனே வாசித்துக்கொண்டிருந்த நான் எழுத வருகிறேன். பல்கலைக்கழக ஆய்வுகளுக்குத் தரவு சேகரிக்கும் உதவியாளராக வேலை செய்கிறேன். என் மூன்று மொழியும் ஓரளவு நன்றாக இருப்பதால்தான் வேலையே கிடைத்தது.

ஒழுக்கநெறிக் குழு தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் மூன்று மொழியிலும் கேட்கிறது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியும்கூட. ஆகவே கோப்பில் தமிழ்த் தாள் இருக்கும். கோப்பில் இருப்பதும் இரவு நேரத்தில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றில்லை. எத்தனை பிரதி அடிப்பது என்று யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள், தமிழுக்கு மிகக் குறைவாக. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மாளிகாவத்தை, வெள்ளவத்தை ஆட்கள் வந்து குவிகிற இடத்தில் அது எப்படிப் போதும்?

இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஆய்வின் விதிமுறையில், யாரைச் சேர்க்கக்கூடாது என்ற இடத்தில், சிங்களமோ ஆங்கிலமோ தெரியாதவர்கள் என்று ஒரு வரி. கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லை, சுலபமாக இருக்கட்டும் என்று எழுதியது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஹட்டனில் இருந்து மாற்றி அனுப்பிய தோட்டத்து அம்மா, புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர், மலரின் மாமியார் எல்லோரும் ஒரே வரியில் வெளியே. பிறகு முடிவு வெளியாகும்போது 'கொழும்பு நோயாளிகள்' என்று தலைப்பு வரும். அந்த முடிவை வைத்து வழிகாட்டி எழுதுவார்கள், மருந்துக்குக் காசு ஒதுக்குவார்கள், எல்லோருக்கும் அதையே செய்வார்கள். யார் எவ்வளவு தாமதமாக வருகிறார்கள், ஏன் வருகிறார்கள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறார்கள் என்பதில் நம் ஆட்களின் கதை அந்தத் தாளில் இருக்காது.

மொழி மட்டும் இல்லை. என்னைப் போன்றவர்கள் காலை எட்டு மணிக்கு வந்து மாலை நாலு மணிக்குப் போகிறோம். இரவில் வருகிறவர்கள் பலர் ஆய்வில் இல்லை. வந்தவுடன் இறந்துபோகிறவரின் குடும்பத்திடம் அந்த நேரத்தில் தாளை நீட்ட எனக்கு மனம் வராது, நீட்டவும் கூடாது. அப்போது மிகவும் முடியாதவர்களும் ஆய்வில் இல்லை. கடைசியில் பகலில் வந்து, பிழைத்து, சிங்களம் தெரிந்தவர்களைப் பற்றிய ஆய்வாக அது மெல்ல மெல்ல மாறிவிடுகிறது. கவனமான ஆய்வாளர் இதையெல்லாம் எழுதி வைப்பார், எத்தனை பேரை ஏன் விட்டோம் என்று ஒரு பதிவேடு வைத்திருப்பார். நான் இப்போது வேலை செய்யும் டொக்டர் அப்படிப்பட்டவர். அதில் 'மொழி' என்று ஒரு தனிக் கட்டம் போடச் சொன்னேன், போட்டார்.

மலர், உங்கள் சித்தப்பா மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. வாசிக்க முடியாத தாளில் சைன் வைக்காதது சரிதான். ஆனால் அடுத்த முறை, "எனக்குத் தமிழ்த் தாள் வேண்டும், பிறகு முடிவு சொல்கிறேன்" என்று கேளுங்கள். அப்படி ஒருவர் கேட்டால் அது மேலே போய்ச் சேரும். தாள் வந்ததும், இதனால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா, எடுக்கிற இரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா, பெயர் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். பிறகு மனம் மாறினால் யாருக்குப் போன் எடுப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்புறம் தாளின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அது உங்களுக்குரியது.

தாதி_ராணி | வெள்ளி, காலை 6.40

அலுவல்_மேசை மகள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். தமிழ்த் தாள் இருந்தாலும் சில நேரம் அது நமக்கே விளங்காது. படித்த நானே ஒரு வசனத்தை மூன்று தரம் வாசித்திருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் வந்த எழுபது வயதுப் பாட்டிக்கு அதைக் கொடுத்து என்ன பலன்? பக்கத்தில் இருந்து நாலு வார்த்தையில் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

கின்சி_வீதி | வெள்ளி, மதியம் 12.15

ராணி மிஸ், ஒத்துக்கொள்கிறேன். என் ஆய்வேட்டுக்கான தகவல் தாளைத் தமிழில் இப்போதுதான் தயார் செய்கிறேன். இன்னும் குழுவுக்கு அனுப்பவில்லை. மருத்துவம் தெரியாதவர்கள் வாசித்து, எங்கே விளங்கவில்லை என்று சொன்னால் பெரிய உதவி. இரண்டு பக்கம்தான். நோயாளி விவரம் எதுவும் அதில் இல்லை, ஆகவே வெளியே காட்டுவதில் பிரச்சினை இல்லை.

மட்டக்குளி_ஆசிரியர் | வெள்ளி, மாலை 3.50

நான் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். அனுப்புங்கள் தம்பி, வாசிக்கிறேன். எங்கள் வீதியில் முதியோர் சங்கம் ஒன்று சனிக்கிழமைகளில் கூடும். அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பினால் போதும்தானே?

கின்சி_வீதி | வெள்ளி, மாலை 4.05

அதைவிட நல்ல உதவி இல்லை சேர். இன்றிரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பவா?

மட்டக்குளி_ஆசிரியர் | வெள்ளி, மாலை 4.20

ஓம், பெரிதாகவே அனுப்புங்கள்.

மருதானை_வீல் | வெள்ளி, இரவு 7.30

சேர், எங்கள் ஸ்டாண்டில் இருக்கிற பெடியன்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நோயாளியை இறக்கிவிட்டு வெளியே நிற்கும்போது சொந்தக்காரர்கள் எங்களிடம்தான் முதலில் கேட்பார்கள்.

அலுவல்_மேசை | வெள்ளி, இரவு 9.00

நானா, பிரதி எடுக்கும் செலவை நான் பார்க்கிறேன். தம்பி, உங்கள் ஆய்வில் யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பகுதியில் மொழி பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று குழுவுக்கு அனுப்ப முன் ஒருதரம் பார்த்துவிடுங்கள். இரவு நேரச் சேகரிப்புக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவை என்றால் வாரத்தில் இரண்டு இரவு என்னால் வர முடியும்.